அடங்காத பிள்ளைக்கு எந்தக் கதவு? நெகிரி செம்பிலான் தோட்டப்புறமும் சிறப்புக் கல்வியும்

வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத பிள்ளை. பக்கத்தில் இருப்பவனைக் கடித்துவைக்கும் பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும் பிள்ளை. இவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வயதுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொன்னது. நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்களிலும் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் பள்ளிகள் பெருகின. கிராணியோ கங்காணியோ வாத்தியாராக நின்ற அந்தக் கொட்டகைகளிலும் அடங்காத பிள்ளை இருந்திருப்பான். அவனுக்கு என்று தனிக் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால், பால்மரக்காட்டில் அம்மாவுக்கு உதவப் போய்விட்டான் என்று விஷயம் முடிந்துவிடும்.

இன்று அந்தப் பிள்ளைக்குச் சட்டமும், திட்டமும், மாதப் படித்தொகையும் இருக்கின்றன. ஆனாலும் சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்போல் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு தாய் தலைமையாசிரியர் முன் உட்கார்ந்து, “இவன என்னங்கய்யா பண்றது?” என்று கேட்டால், அவருக்குக் கிடைக்கும் விடை அந்த அறையில் இருப்பவர் எந்தக் காலத்து எண்ணத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நூறாண்டு விடைகள் ஒன்றையொன்று அழித்துவிட்டு வரவில்லை; ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பிரம்பு சொன்ன விடை

முதல் விடை எல்லோருக்கும் தெரிந்தது: ரோத்தான். சேட்டை என்பது வளர்ப்பின் குறை, கண்டித்தால் சரியாகிவிடும். இந்த எண்ணத்துக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் ஆண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் தந்தன. பெண் பிள்ளைகளை அடிப்பதைத் தடுத்தன. வீட்டில் இதற்குத் துணையாக மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொள்வதும் நடந்தன, இன்றும் நடக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கேலி செய்வது எளிது. கோயிலுக்குப் போகிற தாய், பிள்ளைமேல் குற்றமில்லை, அவனைப் பிடித்திருப்பது வேறு ஏதோ என்று நம்புகிறார். பிரம்பு எடுப்பவரைவிட அவர் உண்மைக்கு ஓரடி பக்கத்தில் இருக்கிறார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

தண்டனைவாதத்தின் குறை ஒழுக்கம் சார்ந்தது மட்டுமில்லை; அது பல நேரம் பலிப்பதில்லை. கணித வேளை வருகிறது. பிள்ளைக்குக் கணக்கு ஓடவில்லை. தாளைக் கிழிக்கிறான். ஆசிரியர் வெளியே வராந்தாவில் போய் நில் என்கிறார். கணக்கிலிருந்து தப்ப வேண்டும் என்பதுதான் அவன் தேவை, அது கிடைத்துவிட்டது. மறுநாள் அதே வேளையில் தாள் மறுபடி கிழியும். நடத்தையின் முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று குறித்துப் பார்க்கும் முறை இதைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், சிறப்புக் கல்விப் பிள்ளையைக் கடுமையாகத் தண்டிக்கும் நிலை வந்தால் இப்படிப்பட்ட ஆய்வு வேண்டும் என்றது. அந்த நடத்தை குறைபாட்டின் வெளிப்பாடா என்றும் முதலில் பார்க்கச் சொன்னது. நம் பள்ளிகளில் ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு வாரப் பொறுமையும் இருந்தால் இதைச் செய்யலாம். செய்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது அவரவர் நல்ல மனம். முறையாக்கப்பட்ட கடமையாக இல்லை.

வறுமை சொன்ன விடை

1970களில் பேச்சு மாறியது. 1973இல் வந்த முராட் அறிக்கை எனப்படும் இடைநிற்றல் ஆய்வு, ஏழைப் பிள்ளைகள் ஏன் பள்ளியைவிட்டு நிற்கிறார்கள் என்று நாடு முழுவதும் பார்த்தது. தோட்டத் தமிழ்ப் பிள்ளைகளின் கல்வியை மலாயாப் பல்கலைக்கழகத்தில் த. மாரிமுத்து போன்றோர் சமூகவியல் கண்கொண்டு ஆராய்ந்தார்கள். லயத்து வீட்டின் நெருக்கடி, விடியுமுன் வேலைக்குப் போகும் பெற்றோர், ஆயாக் கொட்டகையில் கழியும் குழந்தைப் பருவம், குடிப்பழக்கம், புத்தகமில்லா வீடு ஆகியவையே பிள்ளையின் பள்ளி வாழ்வை வடிவமைக்கின்றன என்பது இந்த வாதத்தின் சாரம். பழியைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கி, தோட்ட முறையின் மேல் ஏற்றியது இதன் பெரிய கொடை.

இதற்கு ஒரு மருத்துவக் கிளையும் உண்டு. தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையில் பெண்களே அதிகம் என்பதையும் அதனால் அவர்களுக்கு வரும் நோய்களையும் பெண் தொழிலாளர் அமைப்பான தெனாகனித்தாவும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஓர் ஆய்வு, கருவிலிருக்கும்போது ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி பட்ட பிள்ளைகளிடம் கவனக் குறைவு கூடுதலாகத் தென்படுவதாக 2010இல் சொன்னது. அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து பகாவிலோ ரந்தாவிலோ பொருத்துவது தவறு. நம் தோட்டங்களில் அதிகம் புழங்கி 2020இல் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் ஒரு களைக்கொல்லி. வேதியியலில் வேறு இனம். சந்தேகிக்க இடமிருக்கிறது என்பதற்கு மேல் இதில் பேசக்கூடாது.

வறுமைவாதத்தின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே லயம், ஒரே சம்பளம், ஒரே வாத்தியார். இருபது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், ஒருவனால் முடியவில்லை. எல்லோருக்கும் பொதுவான காரணம் அந்த ஒருவனை விளக்காது. போதாததற்கு, இந்த வாதத்திலிருந்து பிறந்த சமூகப் பணி முழுவதும் அந்த இருபது பேரை நோக்கியே போனது. 1979இல் தொடங்கிய கல்வி சமூகநல ஆய்வு அறவாரியமும் 1982இல் எழுந்த ஸ்ரீ முருகன் நிலையமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோயின. அந்தச் சாதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளி வாசலில் 7ஏ மாணவர் படம் பதாகையாகத் தொங்கிய காலத்தில், சராசரியை இழுத்துவிடும் பிள்ளை எல்லோருக்கும் பாரமாகவே தெரிந்தான். தேர்வு 2021இல் ஒழிந்தது. அது வளர்த்துவிட்ட மனப்பழக்கம் இன்னும் போகவில்லை.

மருத்துவர் சொன்ன விடை

இன்று அதிகாரம் கொண்ட விடை மூன்றாவதுதான்: இது ஒரு நிலை, அதற்குப் பெயருண்டு, மருத்துவர் சொல்ல வேண்டும். ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைவு மிகைத் துடிப்பு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு என்று பெயர் கிடைத்தால் வழி திறக்கும். கிடைக்காவிட்டால் திறக்காது. விஷயம் முழுவதும் இந்த ஒரு வாசலில்தான் தேங்கி நிற்கிறது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

மலேசியாவில் சிறப்புக் கல்வி பார்வையற்றோர், காது கேளாதோர் பள்ளிகளாகத் தொடங்கியது: மலாக்காவில் 1926இல் செயின்ட் நிக்கலஸ், ஜொகூர் பாருவில் 1948இல் பிரின்சஸ் எலிசபெத், பினாங்கில் 1954இல் காது கேளாதோர் பள்ளி. கற்றல் சிக்கல் உள்ளவர்களுக்கான முன்னோடி வகுப்பு கோலாலம்பூரில் 1988இல்தான் வந்தது. 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள் ‘கல்வி புகட்டத்தக்கவர்’ என்ற ஒரு வரம்பை வைத்தன. பிறர் உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளக் கூடியவரா, தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்றக் கூடியவரா என்று குழு சொல்ல வேண்டும். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை என்றது சட்டம். ஒரு கை அனுப்பு என்றது, மறு கை இவன் வேண்டாம் என்று சொல்ல இடம் வைத்தது. பத்தாண்டுக் காலம் இரண்டும் சேர்ந்தே நடைமுறையில் இருந்தன.

2013ஆம் ஆண்டு விதிகள் அந்த வரம்பைத் தளர்த்தின. மருத்துவர், உளவியலாளர் போன்ற துறையினரின் சான்று, அதன்பின் மூன்று மாதத்துக்கு மேற்படாத கண்காணிப்புக் காலம், தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒழுங்கு வந்தது. ஆனால் அந்த விதிகள் ஏற்கும் பட்டியலைப் பாருங்கள்: பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் சிக்கல், இவற்றின் கலவை. நடத்தை என்று ஓர் இனமே இல்லை. நடத்தையால் பள்ளியில் நிலைக்க முடியாத பிள்ளை, கற்றல் சிக்கல் என்ற கதவு வழியாகத்தான் உள்ளே வரலாம். சமூகநல இலாகாவின் மாற்றுத் திறனாளி அட்டை, அதாவது நம்மவர் வாயில் ‘ஓகேயு கார்டு’, அதுவும் இப்படியே. அதன் ஏழு பிரிவுகளில் கற்றல் பிரிவுக்குள் ஆட்டிசத்தோடு ஏடிஎச்டியும் அடங்குகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அடுக்கியும் ஏடிஎச்டியைச் சேர்க்கவில்லை. அந்த வகையில் சிரம்பான் தாய் சேலம் தாயைவிடக் கொடுத்துவைத்தவர்.

பட்டியலில் நடத்தைக்கும் இடம் தந்த நாடுகள் நிம்மதி கண்டுவிட்டனவா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்து 1945இல் ‘ஒத்துப்போகாதவர்’ என்று ஓர் இனம் வைத்தது. 1978இல் வார்னாக் அறிக்கை இனம் பிரிப்பதையே கைவிடச் சொன்னது. 2014இன் நெறிமுறை நடத்தை என்ற சொல்லை நீக்கி, சமூக, உணர்வு, மனநலத் தேவை என்று எழுதியது. அமெரிக்கச் சட்டம் உணர்வுக் கோளாற்றை ஏற்றுக்கொண்டு, சமூகத்தோடு ஒத்துப்போகாதவரை விலக்கிவைத்தது. இருவரையும் எப்படிப் பிரிப்பது என்று அங்கே ஐம்பது ஆண்டாக வாதம் நடக்கிறது. ஆகவே, நடத்தை என்று தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்பதற்குமுன் தயங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிவு ஏழைப் பிள்ளைகளால் நிரம்பிவிடும் ஆபத்து மெய்யானது.

சிகிச்சை பற்றியும் ஒரு சொல். ஏடிஎச்டி பிள்ளைகளை மருந்தாலும் நடத்தைப் பயிற்சியாலும் கவனித்த பெரிய அமெரிக்க ஆய்வு 1999இல் மருந்தின் கை ஓங்கியதாகச் சொன்னது. பிள்ளைகளை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தபோது அந்த வேறுபாடு மங்கிவிட்டது. மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மருந்தோடு வேலை முடிந்தது என்று பள்ளி கைகழுவ முடியாது என்பதே பொருள்.

மொழி என்ற இடறல்

1971இல் பெர்னார்ட் கோர்ட் என்ற கிரெனடா நாட்டு ஆசிரியர் லண்டனில் ஒரு சிறு நூல் எழுதினார். மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகள் பழக்கமில்லாத மொழிநடையில், பழக்கமில்லாத சோதனையில் அளக்கப்பட்டு, அறிவு குறைந்தோர் பள்ளிகளுக்குக் கூட்டங்கூட்டமாக அனுப்பப்படுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. தோட்டத் தமிழ்ப் பிள்ளையைப் பற்றி யோசிக்கிறவர் இதை மறக்கக்கூடாது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய ஏழு வயதுப் பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டால், அவன் விழிப்பதும் முரண்டு பிடிப்பதும் குறைபாட்டினாலா, புரியாததாலா? 2010இல் தொடங்கிய லினுஸ் திட்டம் முதல் மூன்றாண்டு மாணவரை மலாய் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் சலித்தெடுத்தது. பின்தங்கியவர் குறைநீக்கல் வகுப்புக்குப் போனார்கள். எழுத்து வராத எரிச்சலில் கத்துகிற பிள்ளையும், கவனமே நிற்காததால் எழுத்து வராத பிள்ளையும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. “தமிழ்ப்பிள்ளைதானே, மலாய் வரவில்லை, போகப்போகச் சரியாகும்” என்று மூன்றாம் ஆண்டுவரை தள்ளிப்போட்டால் நல்ல காலம் போய்விடும். தாய்சேய் நல மருந்தகங்களில் 18 மாதத்தில் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியல் உண்டு. மிகைத் துடிப்பை அந்த வயதில் உறுதிசெய்ய முடியாது. அது தெரியவருவது பெரும்பாலும் பாலர் பள்ளியிலும் முதலாம் ஆண்டிலும். பார்க்க வேண்டிய முதல் கண் ஆசிரியருடையது.

சேர்ந்து படிப்பதா, தனி வகுப்பா

1994இல் உள்ளிணைப்புக் கல்விக்கான சலமன்கா பிரகடனம், 2008இல் மலேசியாவின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், 2010இல் ஐநா உடன்படிக்கைக்கு ஒப்புதல், 2019இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற ‘ஸீரோ ரிஜெக்ட்’ கொள்கை. இது நான்காவது விடையான உரிமைவாதத்தின் வரிசை. 2013இல் வந்த கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவை மாணவரில் 75 விழுக்காட்டினர் 2025க்குள் பொது வகுப்போடு இணைந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நடைமுறையில் மூன்று வழிகள்: தனிச் சிறப்புப் பள்ளி, பொதுப் பள்ளிக்குள் தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம், பொது வகுப்பிலேயே அமரும் உள்ளிணைப்புத் திட்டம். இரண்டாவதைத்தான் நம்மவர்கள் ‘பிபிகேஐ’ என்கிறார்கள்.

உள்ளிணைப்பு ஆதரவாளர் சொல்வது: தனி வகுப்பில் பிள்ளை தன்னைப் போன்றவரின் நடத்தையையே பார்த்துப் பழகுகிறான், ஊர்ப் பிள்ளைகள் அவனை மறந்துவிடுகிறார்கள். மறுதரப்பு சொல்வது: துணையாள் இல்லாமல் முப்பது பேர் வகுப்பில் விட்டால் அது உள்ளிணைப்பு ஆகாது, கைவிடல். நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளையைப் பொறுத்தவரை மறுதரப்பின் எச்சரிக்கை கனமானது. சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு இரங்கும் மற்றப் பெற்றோர், கடிக்கிற பிள்ளைக்கு இரங்குவதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவனை மாற்றச் சொல்லிக் குரல் எழும்.

இங்கே தோட்டப் பள்ளிக்கு ஒரு விசித்திரமான நன்மை உண்டு. நெகிரி செம்பிலானின் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர் கொண்டவை. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். ஆசிரியருக்குப் பிள்ளையின் தாத்தா பெயரும் தெரியும். உள்ளிணைப்புக்கு இதைவிட வசதியான அறை கிடையாது. ஆனால் அதே சிறு அளவுதான் தடையும். ஒருங்கிணைப்பு வகுப்பு திறக்கக் குறைந்தது ஐந்து பிள்ளைகள் வேண்டும். ஒரு தோட்டப் பள்ளியில் சான்று பெற்ற ஐந்து பேர் எங்கே கிடைப்பார்கள்? ஆகவே வகுப்பு பக்கத்துப் பட்டணத் தேசியப் பள்ளியில் இருக்கிறது. பிள்ளை அங்கே போகிறான். படிப்பு மலாயில் நடக்கிறது. பேச்சே தடுமாறும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. தமிழ்ப்பள்ளிக்கோ ஒரு மாணவன் குறைகிறான், மூடப்படும் பயம் ஒருபடி கூடுகிறது. அதனால் சில பள்ளிகளில் சொல்லாமலே வைத்துக்கொள்ளும் போக்கும் உண்டு. அன்பினால் செய்தாலும், அட்டையும் படித்தொகையும் இன்றிப் பிள்ளை ஆறாண்டு ஓட்டிவிட்டு இடைநிலைப்பள்ளி வாசலில் போய் முட்டிக்கொள்கிறான்.

பாதையின் நீளம்

வாதங்கள் எப்படியிருந்தாலும், பெற்றோர் நடக்க வேண்டிய பாதை ஒன்றுதான். அரசு மருந்தகம், அங்கிருந்து குழந்தை மருத்துவரிடம், தேவையானால் மனநல நிபுணரிடம் பரிந்துரை, சான்றோடு சமூகநல இலாகா, பிறகு மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்விப் பிரிவு. ஜெம்போல் மாவட்டத் தோட்டம் ஒன்றிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு வர புக்கிட் புத்துஸ் மேடு தாண்டி 60 கிலோமீட்டருக்கு மேல். செம்பனைக் காட்டில் நாள் கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் சம்பளம். முதல் சந்திப்பிலேயே சான்று கிடைப்பதும் அரிது. மருத்துவர் பிள்ளையைப் பலமுறை பார்ப்பார், ஆசிரியரின் குறிப்பைக் கேட்பார், அப்படிக் கேட்பதே சரியான மருத்துவம். முடிவில் சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் படித்தொகை வருகிறது. பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாதை முதல் முகப்பிலேயே அடைபட்டுவிடும். இந்தியர்களிடையே அந்தச் சிக்கல் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு 2011இல் நடந்த மைடஃப்தார் பதிவு இயக்கமே சாட்சி.

தோட்டமும் இடம் பெயர்ந்துவிட்டது. லாபு, நீலாய், சிரம்பானைச் சுற்றிய தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. வேலைக்கு வெளிநாட்டார் வந்தார்கள். பழைய குடும்பங்கள் மலிவு விலை அடுக்ககங்களில் இருக்கின்றன. பள்ளிப் பெயரில் மட்டும் ‘லாடாங்’, அதாவது தோட்டம், நிற்கிறது. ஆயாக் கொட்டகையில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்த கிழவி, “இவன் மத்த புள்ள மாதிரி இல்லம்மா” என்று சொல்லியிருப்பார். அடுக்ககத்தின் நான்காவது மாடியில் அதைச் சொல்ல ஆளில்லை.

தீராமல் நிற்பவை

நான்கு விடைகளில் எதையும் முற்றாகத் தள்ள முடியாது. தண்டனைவாதம் சான்றுகளின்முன் மிகவும் தளர்ந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைக்கு எல்லை வேண்டும் என்ற அதன் உள்ளீடு நடத்தைப் பயிற்சியிலும் உண்டு. வறுமைவாதம் பாதையின் நீளத்தை விளக்குகிறது, பிள்ளையை விளக்கவில்லை. மருத்துவவாதம் கதவைத் திறக்கிறது. பெயர் கிடைக்காதவனை வெளியே நிறுத்துகிறது. உரிமைவாதம் எல்லோரையும் உள்ளே விடச் சொல்கிறது. உள்ளே துணைக்கு யார் இருப்பார் என்பதற்குச் சிறு பள்ளியில் அதனிடம் உறுதியான பதில் இல்லை. தமிழ் பேசும் பிள்ளையைத் தமிழில் மதிப்பிடத் தரப்படுத்திய கருவிகள் எப்போது வரும், சான்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பள்ளி என்ன செய்யக் கடமைப்பட்டது, நடத்தைக்குத் தனிப் பிரிவு நன்மையா தீமையா என்ற மூன்றும் திறந்தே கிடக்கின்றன.

ஒன்றை மட்டும் இன்றே தொடங்கலாம். ஐந்து பேர் என்ற வரம்பு ஒரு பள்ளிக்குப் பெரிது. பக்கத்துப் பக்கத்து நான்கு தோட்டப் பள்ளிகளுக்குப் பெரிதில்லை. ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் சேர்ந்து உட்கார்ந்து, தத்தம் பிள்ளைகளைக் கூட்டாக எண்ணி, ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒருங்கிணைப்பு வகுப்பு கேட்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுத வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஓகேயு கார்டு எடுத்ததற்காக மட்டும் தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டிலிருந்து எந்தப் பிள்ளையின் பெயரும் நீங்கிவிடாது.